தண்டையலின் இடது கால்

கப்பல் தலைவரான பஞ்சலிங்கத் தண்டையல் விழுந்தது கரையில் அல்ல, தன் கப்பலில். ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு கப்பல் திரும்பி வந்துகொண்டிருந்தது. வல்வெட்டித்துறைப் பனைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய காலைப்பொழுது. பாயை இறக்கச் சொல்லி அவர் கைகளை உயர்த்தினார். வலது கை மட்டும் உயர்ந்தது. சொல்ல வந்தது வாய்க்குள் குழறியது. அப்படியே மேல்தட்டில் சாய்ந்தார்.

கப்பலாட்கள் அவரைப் பழைய பாய்த்துணியில் கிடத்தி, வள்ளத்தில் இறக்கி, கரையிலிருந்து வீடு வரை தூக்கி வந்தார்கள். கப்பல் வருகிறதென்று கடற்கரையில் கூடியிருந்த சனம் முழுவதும் அதைப் பார்த்தது. முப்பத்தாறாம் ஆண்டு பங்குனி மாதம் அது. அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. புயலில் ஆட்களை அனுப்பாமல் தானே பாய்மரத்தில் ஏறிக் கயிற்றை வெட்டிவிட்டவர் என்று பெயர் எடுத்த மனிதர்.

அவருடைய மனைவி சிவக்கொழுந்து மெலிந்தவள், உயரம் குறைந்தவள். பிள்ளைகள் இல்லை. புருஷன் கடலில் இருக்கும் மாதங்களில் வீட்டையும் வளவையும் தனியே பார்த்துப் பழகியவள். இப்போது அந்தப் பெரிய உடம்பைப் புரட்டவும், இருத்தவும், கழுவவும், ஊட்டவும் பழகிக்கொண்டாள்.

பேச்சு சில வாரங்களில் திரும்பிவிட்டது. இடது கையும் காலும் திரும்பவில்லை. சிவக்கொழுந்தின் தம்பி நமசிவாயம் வண்டி பிடித்து இருவரையும் பருத்தித்துறை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்குத்தர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தார்.

"கையைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன். கால் வரும். ஆனா மருந்தாலை வராது. நீர் நடக்கோணும்."

"நிக்கவே ஏலாதவன் என்னெண்டு நடக்கிறது?" என்று தண்டையல் கேட்டார்.

"பிடிச்சுக்கொண்டு நடவும். விழுவீர். எழும்பித் திரும்ப நடவும். இந்த மாசம் கிணத்தடி மட்டும். அடுத்த மாசம் படலை மட்டும். ஆடி பிறக்க முதல் கடற்கரைக்குப் போய்த் திரும்பி வரோணும். ஒரு வருஷத்துக்குள்ளை செய்தால்தான் உண்டு. பேந்து நரம்பு இறுகிப்போடும். விளங்குதோ தண்டையல்?"

"ஓம், விளங்குது."

டாக்குத்தர் அவரை நம்பியதாகத் தெரியவில்லை. சிவக்கொழுந்தின் பக்கம் திரும்பினார். "நீர் இவரை விடாதையும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் கொட்டிலில் கிடந்த கப்பல் கயிற்றை இழுத்து எடுத்தாள். நமசிவாயம் அதை விறாந்தைத் தூணிலிருந்து கிணற்றடி முருங்கை வரைக்கும், அங்கிருந்து வாசல் படலை வரைக்கும் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினான். பிடித்துக்கொண்டு நடக்க அது வாகாக இருந்தது.

முதலில் தண்டையல் நடக்கத்தான் செய்தார். வலது கையால் கயிற்றைப் பற்றி, நல்ல காலை முன்வைத்து, செத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சிவக்கொழுந்து இடது பக்கம் தோள்கொடுத்தபடி கூடவே போனாள். கிணற்றடி வரை போய்த் திரும்பினால் இருவருக்கும் வியர்த்து ஊற்றும். ஒருநாள் இடது காற் பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. சிவக்கொழுந்து மண்ணில் குந்தியிருந்து அதையே பார்த்தாள். "இன்னொருக்கா அசையுங்கோ," என்றாள். அவர் அசைத்தார். அவள் சிரித்தாள்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அவர் படலையடியில் விழுந்தார். சிவக்கொழுந்து உள்ளே அடுப்பைப் பார்க்கப் போயிருந்த நேரம். அவசரப்பட்டுத் தனியே போனவர் கயிறு முடிந்த இடத்தில் நிலை தவறி முகங்குப்புற விழுந்தார். வேட்டி அவிழ்ந்துவிட்டது. ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்த ஒருவன் ஓடிவந்து தூக்கினான். அவருடைய கப்பலில் வேலை செய்தவன். எத்தனையோ தடவை அவரிடம் ஏச்சு வாங்கியவன். தூக்கி நிறுத்தி, வேட்டியை உடுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, "வாறன் தண்டையல்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அவர் எழும்பவில்லை. இடுப்பு நோகிறது என்றார். அது உண்மைதான். ஆனால் இடுப்பு நோவு ஆறிய பிறகும் அவர் எழும்பவில்லை.

சித்திரைக் கடைசியில் வெயில் தலையைப் பிளக்கிறது என்றார். சோளகம் தொடங்கியதும், இந்தக் காற்றில் நல்ல மனிதனே நிற்க முடியாது என்றார். எண்ணெய் பூசினால் அது ஊறட்டும் என்றார். எண்ணெய் பூசாவிட்டால் விறைத்த காலை எப்படி ஊன்றுவது என்று கேட்டார். செவ்வாயும் வெள்ளியும் தொடங்குவதற்கு ஏற்ற நாள் இல்லை என்றார். ஆவணி பிறக்கட்டும் என்றார், ஆவணி பிறந்ததும் அட்டமி முடியட்டும் என்றார். கடலில் இருந்த காலத்தில் அவர் நாளும் கோளும் பார்த்துப் பாய் விரித்தவர் அல்லர்.

சிவக்கொழுந்து ஒவ்வொரு காலையும் வந்து நின்றாள்.

"எழும்புங்கோவன். படலை வேண்டாம். கிணத்தடி மட்டும்."

"நாளைக்குப் பாப்பம்."

"நேற்றும் உதைத்தானே சொன்னனீங்கள்."

"இரா முழுக்க நித்திரை இல்லை கொழுந்து. விடு."

"டாக்குத்தர் ஒரு வருஷமெண்டு சொன்னவர். அரை வருஷம் போட்டுது."

"அவருக்கென்ன, சொல்லுவர். அவற்ரை காலோ இழுபடுறது?"

ஒருநாள் அவள் விடவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் வருகிற வெயில் இல்லாத காலை. காற்றும் இல்லை. சாக்குச் சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவள் குனிந்து அவருடைய அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள்.

"ஒழுங்கையாலை சனம் போகுது," என்றார் அவர்.

"போகட்டும்."

"விழுந்தாப் பாக்குங்கள்."

"பாக்கட்டும். விழுந்தா நான் தூக்குவன். உங்களைத் தூக்கித் தூக்கி எனக்குப் பழகிப்போச்சு. நீங்கள் வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தா ஆர் நடக்கிறது? நானோ?"

கதிரையோடு சாத்தியிருந்த ஊன்றுபொல்லை அவர் எடுத்தது அவருக்கே தெரியாது. வலது கையில் பலம் குறையவில்லை. பொல்லு அவளுடைய முழங்கைக்கு மேலே பட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே விழுந்த பொல்லை எடுத்துப் பழையபடி கதிரையோடு சாத்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த நாள் நமசிவாயம் வந்தபோது அக்காவின் கை கறுத்து வீங்கியிருந்தது. வாளி இடித்ததென்று அவள் சொன்னாள். அவன் அத்தானைப் பார்த்தான். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சிவக்கொழுந்து அவரை நடக்கச் சொல்லவில்லை. சோறு கொடுத்தாள், எண்ணெய் பூசினாள், குளிப்பாட்டினாள். எழும்புங்கோ என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை. தண்டையலுக்கு அது முதலில் ஆறுதலாக இருந்தது. சாய்மனைக் கதிரையில் விடிந்தது முதல் பொழுதுபடும் வரை இருந்தார். உடம்பு ஊதியது. இடது குதிக்கால் மெல்ல மெல்ல மேலே இழுபட்டு, பாதம் நுனிக்காலில் நிற்பதுபோல் விறைத்துக்கொண்டது. கயிறு மாரி மழையில் ஊறித் தொய்ந்தது. அதன்மேல் அவள் உடுப்புக் காயப்போட்டாள்.

மார்கழியில் அவர் ஒன்றைக் கவனித்தார். தண்ணீர்க் குடத்தோடு வரும் சிவக்கொழுந்து வழியில் ஒரு இடத்தில் நின்றாள். குடத்தை இறக்கி வைத்து, நெஞ்சைப் பொத்திக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். அவர் பார்க்கிறார் என்று கண்டதும் குடத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு நாள்தோறும் அந்த இடத்தில் நின்றாள். பிறகு இரண்டு இடத்தில் நின்றாள்.

"அக்கா, வண்டி கொண்டுவாறன், ஒருக்கா ஆசுப்பத்திரிக்குக் காட்டுவம்," என்று நமசிவாயம் சொன்னான்.

"அத்தானை ஆர் பாக்கிறது? கதிரையிலையிருந்து எழும்பமாட்டார்."

"என்ரை மனிசி வந்து பாப்பாள்."

"தை பிறக்கட்டும்."

தை பிறந்தது. தை போகட்டும் என்றாள். கதிரையில் இருந்தவருக்கு இதெல்லாம் கேட்டது. போய்வா கொழுந்து, நான் சமாளிப்பன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருநாள் முழுவதும் சிவக்கொழுந்து இல்லாமல் மலசலத்துக்கு என்ன செய்வது என்ற நினைப்புத்தான் அவருக்கு முதலில் வந்தது.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல். ரங்கூன் போன கப்பல் ஒன்று திரும்பி வருகிறது என்று கடற்கரையில் சங்கு ஊதியது. ஒழுங்கையில் பிள்ளைகள் ஓடினார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அயல் முழுவதும் வெறிச்சோடிப்போனது. தண்டையல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிவக்கொழுந்து அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனாள்.

கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. நின்றது. வாளி கிணற்றுக்குள் திரும்ப விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"கொழுந்து," என்று கூப்பிட்டார்.

கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தபோது கிணற்றுக்கட்டின் அருகே அவளுடைய சேலை தெரிந்தது. அவள் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். முகம் வீட்டுப் பக்கம் இருந்தது. கண் திறந்திருந்தது.

"தண்ணி," என்றாள். சத்தம் மெலிந்திருந்தாலும் அவருக்குக் கேட்டது. அவள் நிரப்பி வைத்த குடம் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அவர் கத்தினார். கப்பலில் காற்றை மீறிக் கேட்கும் அந்தக் குரலில் நமசிவாயத்தைக் கூப்பிட்டார், அயல் வீட்டாரைக் கூப்பிட்டார். கடற்கரை ஆரவாரம்தான் திரும்பக் கேட்டது. கதிரைச் சட்டத்தைப் பிடித்து எழும்பினார். இடது காலை ஊன்றினார். நுனிக்காலாக விறைத்த பாதம் மடங்கிக்கொடுக்க, விறாந்தைப் படியில் விழுந்து முற்றத்துக்கு உருண்டார். கயிற்றைப் பிடித்தார். தொய்ந்து உக்கியிருந்த கயிறு அவருடைய பாரத்துக்கு அறுந்தது. அதன்பின் வலது கையை மண்ணில் ஊன்றி, வயிற்றால் உடம்பை இழுத்துக்கொண்டு போனார். நல்ல காலால் உந்தினார். ஒன்பது மாதமாக இருந்து இருந்து அந்தக் காலும் பலங்கெட்டிருந்தது. மணல் வாய்க்குள் போனது. நடுவில் மூச்சு வாங்கக் கிடந்தார். நிற்காமல் போகச் சொல்லி மனம் கத்தியது, உடம்பு கேட்கவில்லை.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அவளுடைய உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து, குடத்தைச் சரித்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி அவளுடைய வாயில் விட்டார். தண்ணீர் கடைவாயால் வழிந்து மண்ணில் விழுந்தது. அவளுடைய கை சூடாகத்தான் இருந்தது. கப்பல் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் அவரை அவள் பக்கத்தில் கண்டபோது அவர் இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சு வந்தது. தண்டையலால் சிதையைச் சுற்ற முடியாது, நமசிவாயத்தின் மகன் வைக்கட்டும் என்று பெரியவர்கள் தீர்த்தார்கள். தண்டையல் நான்தான் வைப்பேன் என்றார். குருக்கள் தயங்கினார். மற்றவர்கள் நமசிவாயத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"வைக்கட்டும்," என்றான் அவன்.

கடற்கரைச் சுடலைக்கு அவரை வண்டியில் ஏற்றிப் போனார்கள். குடத்தை இடது தோளில் வைக்க வேண்டும், அந்தக் கை பிடிக்காது. வலது தோளில் வைக்கலாம் என்று குருக்கள் விட்டுக்கொடுத்தார். குடத்தை வலது கை பிடித்தால் பொல்லைப் பிடிக்கக் கை இல்லை. நமசிவாயம் இடப்பக்கம் நின்று அத்தானின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தான். அவனுடைய பிடியில் இடுப்பெலும்பு நொந்தது.

முதல் சுற்று எப்படியோ முடிந்தது. குடத்தில் ஓட்டை போட்டார்கள். தண்ணீர் முதுகில் வழிந்தது. இரண்டாம் சுற்றில், சிதையின் தலைமாட்டில், இடது கால் மடங்கியது. நமசிவாயம் இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. குடம் மண்ணில் விழுந்து உடைந்தது. நேரத்துக்கு முன் குடம் உடைவது நல்லதல்ல என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மிச்சச் சுற்றை நமசிவாயத்தின் மகன் வேறு குடத்தோடு சுற்றினான். தண்டையல் விழுந்த இடத்திலேயே இருந்தார். நெருப்பை மட்டும் அவருடைய கையில் கொடுத்து, இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, அவரைக் கொண்டு வைப்பித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பி எல்லோரும் போன பிறகு நமசிவாயம் விறாந்தையில் நின்றான்.

"அத்தான், அண்டைக்கு அக்காவின்ரை கையிலை இடிச்சது வாளி இல்லை."

"ஓம்."

"அவள் கேக்கேக்கை நீங்கள் எழும்பியிருந்தா, நான் அவளை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பன். அவள் உங்களை விட்டிட்டு வரமாட்டனெண்டுதான் இருந்தவள்."

தண்டையல் கிணற்றடிப் பக்கம் பார்த்தார்.

"சாப்பாடு வீட்டிலையிருந்து வரும். நான் வரமாட்டன்," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு கழிந்த மறுநாள் அவர் எழும்பினார். தூக்க யாரும் இல்லை. சுவரைப் பிடித்து, பொல்லை ஊன்றி, விறாந்தையின் ஒரு தலையிலிருந்து மறுதலைக்குப் போனார். விழுந்தார். எழும்புவதற்கு வெகுநேரம் எடுத்தது. மறுபடி நடந்தார். அதன் பிறகு அவர் ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சல் வந்தபோதும் நடந்தார். சித்திரை வெயிலில் மணல் சுட்டது, நடந்தார். சோளகம் வேட்டியைப் பிடுங்க, படலையைப் பிடித்து நின்று, அது தணிந்த இடைவெளியில் நடந்தார். ஒழுங்கையில் விழுந்தார். சந்தைக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். யாராவது தூக்க வந்தால், "விடு, நான் எழும்புவன்," என்றார். எழும்பவும் செய்தார்.

பருத்தித்துறைக்கு ஒருமுறை தனியே வண்டி பிடித்துப் போனார். டாக்குத்தர் பாதத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பிந்திப்போச்சுது தண்டையல். உது இனி உப்பிடித்தான். நடக்கலாம். நல்லா நடக்கேலாது."

"அண்டைக்கு நான் நடக்கக்கூடினவனா இருந்திருந்தா அவள் பிழைச்சிருப்பாளோ?"

டாக்குத்தர் பாதத்திலிருந்து கையை எடுத்தார். "இதயம் நிண்டுபோனா ஓடிப்போனாலும் ஒண்டும் செய்யேலாது," என்றார் பிறகு.

"தண்ணி கேட்டவள்," என்றார் தண்டையல்.



மழைக்காலம் வருமுன் அவர் ஒழுங்கையின் முடிவு வரை போய்த் திரும்பினார். தைப்பொங்கலுக்குக் கடற்கரை வரை போனார். ஊர்ச்சனம் அவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது. கோயில் வாசலில் ஒருவர் தன் மகனுக்கு அவரைக் காட்டி, மனவைராக்கியம் என்றால் இதுதான் என்று சொன்னார். முன்பு படலையடியில் அவரைத் தூக்கிவிட்ட கப்பலாளும் ஒருநாள் கூடவே நடந்து வந்து, "தண்டையல், உங்கடை தைரியம் ஆருக்கும் வராது," என்றான். அவர் நின்று அவனைப் பார்த்தார்.

"உதை எனக்கு முன்னாலை இனிச் சொல்லாதை," என்றார். அவன் விளங்காமல் விலகிப் போனான்.

மாசியில், அவள் போய் ஒரு வருஷம் முடிய, ஆட்டத்திவசம் வந்தது. நமசிவாயம் அன்றைக்கு வரத்தான் வேண்டியிருந்தது. பிண்டத்தைக் கடலில் விட வேண்டும். வண்டி படலையில் நின்றது. தண்டையல் வண்டியில் ஏறவில்லை. பிண்டம் வைத்த வாழையிலையைக் குருக்கள் வண்டியில் கொண்டுபோக, அவர் பொல்லை ஊன்றிப் பின்னால் நடந்தார். நமசிவாயமும் ஏறவில்லை. கொஞ்சம் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு வந்தான். அவர் ஒரு தடவை விழுந்தார். அவன் நின்றான், தூக்கவில்லை. அவர் எழும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

கரையில் பொல்லை மணலில் குத்திவிட்டு, இலையை வலது கையில் வாங்கிக்கொண்டு தண்டையல் தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் அலை வந்து அடித்தது. ஆடினார். விழவில்லை. இலையை விட்டார். அடுத்த அலை அதைக் கவிழ்த்து, சோற்றை மணலோடு கலந்தது. அவர் அங்கேயே நின்றார். பிறகு திரும்பிக் கரைக்கு வந்தார்.

"நடக்கிறியள்," என்றான் நமசிவாயம்.

"ஓம்."

"அக்காவுக்கு உது காணாது, அத்தான். எவ்வளவு நடந்தாலும் காணாது."

"தெரியும்," என்றார். "காணாது."

நமசிவாயம் மணலில் குத்தியிருந்த பொல்லைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தான். வண்டிக்காரன் மாட்டைத் திருப்பி, இருவரையும் ஏறச் சொன்னான். நமசிவாயம் ஏறிக்கொண்டான். தண்டையல் வேட்டியைப் பிழிந்து, மடித்துக் கட்டிக்கொண்டு, ஈர மணலில் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். வண்டி அவரைக் கடந்து போனது.